புனிதர்களுக்கு உடுத்திவிடுபவர்கள்

வயது ஏறியும் மணமாகாத பெண்ணைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு சொலவடை உண்டு: 'கெதார்ஸெ பாரா பெஸ்தீர் சாந்தோஸ்'. புனிதர்களுக்கு உடுத்திவிடவென்றே நின்றுபோனவள் என்று பொருள். மெக்சிகோவிலிருந்து டெக்சஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் சிகாகோவுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு இதையும் கொண்டுபோயின. புருஷன் அமையாதவளுக்குக் கோயில் வேலைதான் மிச்சம் என்பது அதிலுள்ள குத்தல். அப்படி ஆகிவிடாமலிருக்கப் பெரியவர்கள் ஒரு வழியும் சொல்வார்கள்: அந்தோணியார் சுரூபத்தைத் தலைகீழாக நிறுத்தி வை, மாப்பிள்ளை வந்ததும் நிமிர்த்து.

சொலவடைக்குப் பின்னால் நிஜமான ஒரு வேலை இருக்கிறது. ஸ்பெயினிலும் அது ஆண்ட அமெரிக்க நாடுகளிலும் 'இமாகென் தெ பெஸ்தீர்', அதாவது உடுத்துவதற்கான சுரூபம், என்றொரு வகை உண்டு. சிற்பி முகத்தையும் கைகளையும் மட்டும் செதுக்குவார். மற்றதெல்லாம் மரச்சட்டங்களால் ஆன வெறும் கூடு. அதன்மேல் உள்ளாடை, பாவாடை, அங்கி, முக்காடு என்று அடுக்கடுக்காக உடுத்திய பிறகே மாதா முழு உருவம் பெறுவார். தலைமுடிகூடப் பல இடங்களில் பெண்கள் நேர்ந்துகொண்டு வெட்டித் தந்ததுதான். உடுத்திவிடும் பெண்ணுக்குக் 'கமரேரா' என்று பெயர். பீடத்துக்குப் பின்னால் 'கமரீன்' என்று தனி அறையே கட்டிய கோயில்கள் உண்டு. வேளாங்கண்ணி மாதாவைச் சேலையில் பார்த்துப் பழகிய தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 16-ஆம் நூற்றாண்டில் ஐபீரியக் கப்பல்கள் இரண்டு கரைகளிலும் இறக்கிவிட்ட பக்தி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்த வெறும் கூட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளரும் சிறுமியின் முன்னால் பெண்களில் மேலானவள் என்று நிறுத்தப்படுகிறவளுக்கு முகம் இருக்கிறது, கை இருக்கிறது, உடம்பு இல்லை. கத்தோலிக்கப் படங்களுக்கு நடுவே வளர்ந்த மெக்சிக அமெரிக்கப் பெண் எழுத்தாளர்களும் ஓவியர்களும் திரும்பத் திரும்பத் தொட்ட இடம் இது. அந்தப் படங்கள் தங்களை எப்படிக் கட்டிப்போட்டன என்று அவர்கள் சொன்னது பரவலாக அறியப்பட்டது. அதே படங்களைத் துடைத்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உடுத்திக் காத்தவர்களும் பெண்களே என்பது அவ்வளவாகப் பேசப்படாதது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மெக்சிக அமெரிக்க வீட்டின் ஆணாதிக்கம் எப்படி நடந்தது, எங்கே தளர்ந்தது என்பது விளங்கும்.

கூடத்தில் அரசர், படுக்கையறையில் அன்னை

லத்தீன் அமெரிக்க வழியினரைக் குறிக்கும் லத்தீனோ என்ற சொல்லுக்குள் பல நாட்டுப் பக்திகள் இருக்கின்றன. கியூபக்காரர்களுக்குக் கோப்ரே நகரத்து மாதா. போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்குக் கையால் செதுக்கிய மரப் புனிதர்கள். இந்தக் கட்டுரை மெக்சிக அமெரிக்க வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. படங்களைப் பற்றி அதிகம் எழுதியவர்களும் வரைந்தவர்களும் அங்கிருந்து வந்தவர்களே.

அந்த வீட்டின் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம் தொங்கும். முள்முடி சுற்றிய இதயத்தை நெஞ்சுக்கு வெளியே காட்டி நிற்கும் கிறிஸ்து. இந்தப் படம் வீட்டுக்குள் வந்ததற்குத் தனி வரலாறு இருக்கிறது. பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் 1875-இல் பிறந்த மதேயோ க்ராலி-போவி என்ற குருவானவர் 1907-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு குடும்பமும் திரு இருதயப் படத்தை வீட்டின் முதன்மையான இடத்தில் நிறுவி, கிறிஸ்துவைத் தன் அரசராக ஏற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். குருவானவர் படத்தை மந்திரிப்பார். குடும்பத் தலைவர் அதை எடுத்து உரிய இடத்தில் வைப்பார். எல்லாரும் முழந்தாளிட்டுத் தங்களை ஒப்புக்கொடுப்பார்கள். அரசருக்கும் வீட்டுக்கும் நடுவில் தகப்பன் நிற்பதை இந்தச் சிறு சடங்கு கண்ணுக்கு முன்னால் காட்டிவிடுகிறது. 1930-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் திருமணம் பற்றி எழுதிய சுற்றுமடல் கணவனைத் தலையாகவும் மனைவியை இதயமாகவும் வகுத்தது. இதயத்துக்கு அன்பில் முதலிடம், தலைக்கு ஆளுகையில் முதலிடம் என்பது ஏற்பாடு.

உள்ளே போனால் காட்சி மாறும். தாயின் படுக்கையறையில் அலமாரி மேலோ மேசை மேலோ ஒரு சிறிய பீடம் இருக்கும். 'அல்தார்சீத்தோ' என்பார்கள். நடுவில் குவாதலூப்பே மாதா. பக்கத்தில் கண்ணாடிக் குவளை மெழுகுவர்த்தி, செபமாலை, குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலை, தீர்த்தக் குப்பி, இறந்தவர்களின் நிழற்படம், ராணுவ உடையில் மகனின் படம், நேர்ச்சைக்காக வாங்கிய கை கால் வடிவத் தகடுகள். தெற்கு டெக்சஸில் இத்தகைய பீடங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பெண்களின் வீட்டுப் பீடங்களைப் பற்றி 1999-இல் நூல் வெளியிட்ட கே டர்னர் இதைத் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் மரபாகக் காண்கிறார். குருவானவர் இங்கே தேவையில்லை. யாருக்காக எப்போது மன்றாடுவது, எந்தப் புனிதரோடு எந்தப் பேரம் பேசுவது என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு. கூடத்துப் படம் ஒருமுறை நிறுவப்பட்டு அங்கேயே இருக்கும். படுக்கையறைப் பீடமோ வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்கும்.

தாயர் மூவர்

மெக்சிக வீட்டில் மாதா என்றால் குவாதலூப்பேதான். மரபுக் கதைப்படி 1531 டிசம்பரில், இன்றைய மெக்சிகோ நகரின் வடக்கே உள்ள தெப்பேயாக் குன்றில், ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடி மனிதருக்கு மாதா காட்சி தந்தார். அத்தாட்சி கேட்ட ஆயரின் முன்னால் அவர் மேலாடையை விரித்தபோது மலர்கள் உதிர்ந்தன. துணியில் மாதாவின் உருவம் பதிந்திருந்தது. நாவாட்டல் மொழியில் இந்தக் கதை 1649-இல் அச்சேறியது. குன்றுக்கு அதற்கு முன்பே ஒரு தாய் இருந்தாள். பூர்வகுடிகள் தெப்பேயாக்குக்கு வந்து தொனான்ட்சின், அதாவது எங்கள் தாய், என்று அழைப்பதைப் பிரான்சிஸ்கன் துறவி சாகுன் 16-ஆம் நூற்றாண்டிலேயே சந்தேகத்தோடு குறித்துவைத்தார்.

படத்தின் நுட்பங்கள் முக்கியமானவை. நீலப்பச்சை முக்காட்டில் 46 விண்மீன்கள். இடைக்கு மேலே கறுப்புக் கச்சை, கர்ப்பத்தின் அடையாளம். காலடியில் பிறைநிலா, அதைத் தாங்கும் ஒரு வானதூதர். குவிந்த கைகள், சாய்ந்த தலை, தாழ்ந்த பார்வை. அங்கி பாதம்வரை புரள்வதால் கால்கள் தெரிவதில்லை. பெண் எப்படி நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறுமி தினமும் காணும் இலக்கணம் இதுதான்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு தாயர் உண்டு. அவர்களுக்குச் சுவரில் படம் கிடையாது. ஒருத்தி மலின்ச்சே. 1519-இல் தபாஸ்கோவில் ஸ்பானியப் படைத்தலைவர் கொர்த்தேஸுக்குத் தரப்பட்ட 20 பெண்களில் ஒருத்தி. மாயா மொழியும் நாவாட்டலும் அறிந்தவள். படையெடுப்பின் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். கொர்த்தேஸுக்கு ஒரு மகனைப் பெற்றாள். அடிமையாகக் கைமாற்றப்பட்ட பெண்ணைப் பிற்கால மெக்சிகோ காட்டிக்கொடுத்தவள் என்றது. அந்நிய மோகம் பிடித்தவர்களை 'மலின்ச்சிஸ்தா' என்று ஏசுவது இன்றும் வழக்கம். இன்னொருத்தி லா யோரோனா, அழுகிறவள். காதலன் கைவிட்டதால் பெற்ற பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, இரவெல்லாம் கரையோரம் அவர்களைத் தேடி அலையும் ஆவி. பொழுது சாய்ந்தபின் வெளியே போகாதே என்று பிள்ளைகளை மிரட்ட இவள் உதவுவாள்.

மெக்சிகக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1950-இல் வெளியிட்ட 'தனிமையின் புதிர்ப்பாதை' நூலில் மெக்சிக மனத்தை இந்தத் தாயர் வழியாகவே விளக்க முயன்றார். கன்னித் தாய் ஒருபுறம், பலவந்தத்துக்கு ஆளான தாய் மறுபுறம். இருவரும் ஏற்றுக்கொள்கிறவர்கள், செய்கிறவர்கள் அல்லர் என்பது அவர் பார்வை. டெக்சஸின் ரியோ கிராந்தே சமவெளியில் 1942-இல் பிறந்த குளோரியா அன்சால்துவா 1987-இல் வெளியிட்ட 'எல்லைநிலங்கள்' நூலில் கேள்வியைப் புரட்டிப்போட்டார். இந்த மூவரையும் இப்படி நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார், எதற்காக என்று கேட்டார். குவாதலூப்பேயைக் காட்டி அடங்கச் சொன்னார்கள். மலின்ச்சேயைக் காட்டிப் பூர்வகுடி இரத்தத்துக்காக வெட்கப்பட வைத்தார்கள். யோரோனாவைக் காட்டிப் பொறுத்துக்கொள்ளப் பழக்கினார்கள் என்பது அவர் வாதம். மகனுக்கும் இதே கதைகள்தாம் பாடம். தாயை மாதாவின் பக்கம் வைக்கவும், வெளியில் சந்திக்கும் பெண்ணை மலின்ச்சேயின் பக்கம் தள்ளவும் அவன் கற்றுக்கொள்கிறான்.

சட்டத்தைச் சொன்ன வாய் யாருடையது?

இந்த இலக்கணம் அடுப்படியில் எப்படி நடைமுறைக்கு வந்தது? 1952-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த செர்ரி மொராகா 1983-இல் வெளியிட்ட 'போர்க்காலத்தில் காதலித்தல்' நூலில் தன் வீட்டைப் பற்றி எழுதினார். சகோதரனுக்கும் அவன் நண்பர்களுக்கும் பரிமாறுவதும் அவனுக்குச் சேவகம் செய்வதும் பெண்பிள்ளைகளின் கடமை. அதைச் செய்யச் சொன்னவர் தாய். ஆண்கள் எழுதும் விதிகளைப் பெண்கள் கைமாற்றித் தருகிறார்கள் என்று அன்சால்துவா சொன்னதும் இதைத்தான். தன் மண்ணில் பெண்ணுக்கு முன்னே மூன்று பாதைகளே இருந்தன என்றும் அவர் எழுதினார்: கன்னியாஸ்திரி மடம், தெரு, தாய்மை. படிப்பு என்ற நான்காவது பாதை மிகச் சிலருக்கே திறந்தது.

வேறொரு காரணமும் உண்டு. தகப்பன்மார் பலர் வீட்டில் இல்லை. 1942 முதல் 1964 வரை நடந்த பிரசேரோ திட்டத்தில் மெக்சிக ஆண்கள் அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கையெழுத்தான ஒப்பந்தங்கள் மட்டும் 46 லட்சம் அளவில் இருந்தன. வீட்டைக் கட்டிக்காத்தவர்கள் மனைவியும் மாமியாரும். ஊரில் இல்லாத ஆணின் அதிகாரத்தை அவன் பேரால் அவர்களே நடத்தினார்கள். கூடத்துப் படத்தில் இருந்த அரசரைப் போலவே தகப்பனும் நேரில் இல்லாமல் ஆண்டான். அவன் பத்திரமாகத் திரும்பவும் எல்லை கடக்கவும் தாய் உள்ளறைப் பீடத்தில் நேர்ந்துகொண்டாள். நேர்ச்சை பலித்ததற்கு நன்றியாக வரையப்பட்ட சிறு தகர ஓவியங்களைத் திரட்டி, ஹோர்ஹே துராந்தும் டக்ளஸ் மாசியும் குடிபெயர்ந்தோரின் வரலாறாக 1995-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள்.

மகளின் வாழ்க்கையில் படமும் விதியும் நேருக்கு நேர் சந்திக்கும் நாள் அவளுடைய 15-ஆம் பிறந்தநாள், 'கின்சியானியேரா'. முதலில் திருப்பலி, அதில் அவள் மாதாவுக்குப் பூச்செண்டு வைக்கிறாள். பிறகு விருந்து மண்டபத்தில் கடைசிப் பொம்மை தரப்படுகிறது. தகப்பன் மண்டியிட்டு அவளுடைய தட்டைச் செருப்பைக் கழற்றிக் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிவிடுகிறார். முதல் நடனமும் அவரோடுதான். ஆலயத்தில் கன்னிமைக்குக் காணிக்கை, மண்டபத்தில் பெண்மைக்கு அறிமுகம், இரண்டையும் இணைப்பது தகப்பன் கை. குருமார் பலர் இதை ஆடம்பரம் என்று முகம் சுளித்த காலம் உண்டு. பின்னர் அமெரிக்க ஆயர்கள் இதற்கென்று தனி ஆசி வழிபாட்டையே வகுத்தார்கள். 2007-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை 13 காசுகளைப் பெண்ணின் உள்ளங்கையில் கொட்டுவார். மணமக்கள் இருவரையும் இரட்டைச் செபமாலை போன்ற கயிற்றால் சுற்றுவார்கள். மணப்பெண் பூச்செண்டோடு மறுபடி மாதாவின் பீடத்துக்குப் போவாள்.

சிகாகோவில் 1954-இல் பிறந்து, ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக வளர்ந்தவர் சாந்த்ரா சிஸ்னேரோஸ். 1984-இல் வந்த 'மாங்கோ தெருவில் ஒரு வீடு' நூலில் அவருடைய சிறுமி எஸ்பெரான்சா, கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சுமக்கிறாள். விருப்பமில்லாமல் தூக்கிவரப்பட்டு மணமுடிக்கப்பட்ட அந்தப் பாட்டி, ஆயுள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள். பெயர் வேண்டும், ஜன்னல் வேண்டாம் என்பது பேத்தியின் முடிவு. தன் உடம்பைப் பற்றித் தான் ஒன்றும் அறியாமல் வளர்ந்ததையும், வீட்டில் யாரும் அதைப் பேசாததையும் 1996-இல் குவாதலூப்பே பற்றி எழுதிய கட்டுரையில் சிஸ்னேரோஸ் விவரித்தார். கன்னியாகவும் தாயாகவும் ஒரே நேரத்தில் இருக்கச் சொல்லும் முன்மாதிரி அவருக்குக் கோபத்தையே தந்தது. மாதாவின் அங்கிக்கு உள்ளே தன்னைப் போன்ற உடம்பு இருக்குமா என்ற கேள்வியில்தான் அவருடைய பக்தி மறுபடி தொடங்குகிறது. மரக்கூட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

படத்தின் மேல் மட்டும் பழியா?

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 1973-இல் அரசியல் அறிஞர் எவலின் ஸ்டீவன்ஸ் 'மரியானிஸ்மோ' என்ற சொல்லைப் பரப்பினார். மரியன்னையைப் போல் பெண் ஒழுக்கத்தில் ஆணைவிட மேலானவள், ஆகவே எல்லையற்றுப் பொறுத்துக்கொள்வாள் என்ற வழிபாட்டு மனநிலைக்கு அவர் வைத்த பெயர் அது. ஆணின் வீறாப்பைக் குறிக்கும் மச்சீஸ்மோவுக்கு அது மறுபக்கம் என்றார். சொல் வேகமாகப் பரவியது. உளவியலாளர்களும் சமூகப் பணியாளர்களும் லத்தீனோப் பெண் யாரைக் கண்டாலும் இந்த முத்திரையைக் குத்தினார்கள். வரலாற்றாசிரியர் மரீசா நவாரோ 2002-இல் அதை உடைத்தார். நாடு, வர்க்கம், காலம் எதையும் பாராமல், போதிய களஆய்வு இல்லாமல் ஒரு கண்டத்துப் பெண்களையெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது அந்தக் கருத்து என்பது அவருடைய குற்றச்சாட்டு.

மச்சீஸ்மோவும் அவ்வளவு பழையதில்லை. டெக்சஸ் நாட்டாரியலாளர் அமெரிக்கோ பரேதஸ் மெக்சிக நாட்டுப் பாடல்களில் தேடிப் பார்த்து, அந்தப் பொருளில் அச்சொல் 1930, 40-களுக்கு முன் அநேகமாக இல்லை என்று 1971-இல் காட்டினார். 'மச்சோ'வுக்கு எதுகையாக அமைந்த ஆவிலா கமாச்சோ என்ற ஜனாதிபதியின் பெயரும் அது பரவ உதவியது என்றார். எல்லைப்புறத் துப்பாக்கி வீரனைக் கொண்டாடிய அமெரிக்காவும் இந்தப் பண்பை வளர்த்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். மானிடவியலாளர் மேத்யூ கட்மன் 1990-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரின் சாந்தோ தொமிங்கோ பகுதியில் வாழ்ந்து பார்த்தபோது, குழந்தையை இடுப்பில் சுமந்த ஆண்களையும், மச்சோ என்ற சொல்லையே வசவாக எடுத்துக்கொண்ட இளைஞர்களையும் கண்டார். அவருடைய நூல் 1996-இல் வந்தது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மெக்சிகோவில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1953-இல்தான். மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் ஆட்சேபிக்கலாம் என்ற சிவில் சட்ட விதி தலைநகரில் 1970-கள்வரை இருந்தது; சட்டத்தின் முன் ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியல் சாசனத்தில் சேர்த்தது 1974-இல். இத்தனைக்கும் அந்த அரசு 19-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்ட அரசு. சுவரில் படமே மாட்டாத சட்டமன்றமும் அதே வீட்டைத்தான் கட்டியது. ஆணாதிக்கத்துக்கு முகம் தந்தது படம். அதைத் தாங்கிய தூண்களில் நிலமும் கூலியும் சட்டமும் இருந்தன.

உடுத்திய கைகள்

ஹாலிஸ்கோ மாநிலத்தில் சான் ஹுவான் தெ லோஸ் லாகோஸ் என்ற ஊரில் ஒரு முழத்துக்கும் குறைவான உயரமுள்ள மாதா சுரூபம் இருக்கிறது. 1623-இல் கழைக்கூத்தாடிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி கத்திமேல் விழுந்து இறந்தாள் என்றும், ஆனா லூசியா என்ற பூர்வகுடிப் பெண் அந்தச் சுரூபத்தைக் கொண்டுவந்து அவள்மேல் வைத்ததும் எழுந்தாள் என்றும் கதை. சுரூபத்தை எடுத்து வைக்கும் உரிமை அதைப் பராமரித்த பெண்ணிடம் இருந்தது. இன்றைக்கும் அந்த மாதாவைக் கூம்பு வடிவ ஆடைகள் மாற்றி மாற்றி உடுத்தியே பார்க்க முடியும். அதன் பக்தி எல்லை தாண்டி டெக்சஸின் சான் ஹுவானிலும் ஒரு பெரிய திருத்தலத்தை உண்டாக்கியது.

படங்களைத் தொடுகிறவர்களுக்கு அவற்றின்மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது. துறவற மடம்கூடச் சிலருக்குச் சிறையாக இருக்கவில்லை. திருமணத்தில் நாட்டமில்லாமலும் படிக்கும் ஆசையிலும் மெக்சிகோ நகரின் ஹெரோணிமுஸ் மடத்தில் சேர்ந்த கவிஞர் சோர் ஹுவானா, அங்கே நூலகம் வைத்தார், நாடகம் எழுதினார். அவரைக் கண்டித்துப் புவேப்லா ஆயர் எழுதிய கடிதம் ஒரு கன்னியாஸ்திரியின் பெயரில் வெளிவந்தது. ஆண் அதிகாரம் பெண்ணின் அங்கியைப் போட்டுக்கொண்டு பேசியது. 1691-இல் அவர் எழுதிய பதில், பெண்ணின் கல்விக்கான வாதமாக இன்றும் வாசிக்கப்படுகிறது. பிற்காலச் சிகானாக்கள், அதாவது அரசியல் உணர்வோடு தங்களை அப்படி அழைத்துக்கொண்ட மெக்சிக அமெரிக்கப் பெண்கள், அவரைத் தங்கள் மூதாதை என்று கொண்டாடினார்கள். 1971-இல் ஹூஸ்டனில் லத்தீனோக் கன்னியாஸ்திரிகள் 'லாஸ் எர்மானாஸ்' என்ற அமைப்பைத் தொடங்கித் திருச்சபைக்குள்ளேயே தங்கள் பங்கைக் கேட்டார்கள். கியூபாவில் பிறந்த இறையியலாளர் ஆதா மரியா இசாசி-தியாஸ், லத்தீனோப் பெண்களின் அன்றாட வாழ்விலிருந்து இறையியலைத் தொடங்கும் 'முஹெரிஸ்தா' சிந்தனையை வளர்த்தார்.

வீட்டுப் பீடத்தைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் அமாலியா மேசா-பெயின்ஸ். நடிகை தொலோரெஸ் தெல் ரியோவுக்காக அவர் 1984-இல் அமைத்த பீடத்தில் சரிகைத் துணி, கண்ணாடி, வாசனைக் குப்பி, நிழற்படம், உதிர்ந்த பூவிதழ் எல்லாம் இருந்தன. பாட்டியின் அலமாரிமேல் இருந்தவைதாம். பெண்கள் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றி அழகு செய்யும் இந்தத் திறனுக்கு அவர் 'தொமெஸ்திகானா' என்று பெயரிட்டார்.

அங்கியைச் சுருக்கியவர்கள்

குவாதலூப்பே படத்தை யாரும் மாற்றக் கூடாது என்போருக்கு வரலாறு உதவாது. பழைய பிரதிகளில் மாதாவின் தலையில் கிரீடம் இருக்கிறது; 1895-இல் நடந்த முடிசூட்டு விழாவுக்குச் சற்று முன் அது மூலப் படத்திலிருந்து மறைந்துபோனது. ஆண்கள் அவரைத் தங்கள் தேவைக்கெல்லாம் அழைத்துப்போனார்கள். 1810-இல் விடுதலைப் போரைத் தொடங்கிய இதால்கோ பாதிரியார் மாதாவின் படத்தையே கொடியாக ஏந்தினார். 1966-இல் கலிபோர்னியாவின் திராட்சைத் தொழிலாளர்கள் டெலேனோவிலிருந்து சாக்ரமென்டோவுக்கு 300 மைலுக்கு மேல் நடந்தபோதும் முன்னால் போனவர் அவர்தான். ஆண்கள் முதுகில் பச்சை குத்திக்கொண்டார்கள், கார்களில் வரைந்தார்கள். பெண்கள் தொட்டபோதுதான் கேள்வி எழுந்தது.

கலிபோர்னியாவின் சான் ஹொவாகின் சமவெளியில் பண்ணைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த எஸ்தெர் எர்னாந்தெஸ் 1975-இல் ஒரு செதுக்கோவியம் செய்தார். அதில் குவாதலூப்பே கராத்தே உதை விடுகிறார். 1988-இல் அவர் அச்சிட்ட 'காணிக்கை'யில் ஒரு பெண்ணின் முதுகில் மாதா பச்சை குத்தப்பட்டிருக்கிறார். ஒரு பெண் கை ரோஜாவை நீட்டுகிறது.

சான் டியேகோவில் தாயிடமும் தாத்தா பாட்டியிடமும் வளர்ந்த யொலாந்தா லோபெஸ் 1978-இல் மூன்று படங்களை வரைந்தார். ஒன்றில் அவரே ஓட்டக் காலணியோடு, பாம்பை ஒரு கையில் பிடித்தபடி, பிறைநிலாவிலிருந்து துள்ளிக் குதித்து வருகிறார். ஒன்றில் பாட்டி, கையில் கத்தியும் உரித்த பாம்புத் தோலும். இன்னொன்றில் தாய். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த அந்த அம்மா மூக்குக்கண்ணாடியோடு தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கிறார். இயந்திரத்தின் கீழ் ஓடுவது மாதாவின் விண்மீன் பதித்த முக்காடு. அதே ஆண்டில் லோபெஸ் செய்த வேறொரு படத்தில், மாதாவின் அங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது; குதிகால் உயர்ந்த செருப்போடு அவர் நடக்கிறார். கால்கள் கட்டப்பட்டிருந்தால் எப்படி நடப்பது என்பதே கேள்வி. மெக்சிகோவின் 'ஃபெம்' என்ற பெண்ணிய இதழ் 1984-இல் அதை அட்டையில் போட்டபோது வெடிகுண்டு மிரட்டல் வந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஓவியர் அல்மா லோபெஸ், சிஸ்னேரோஸின் கேள்விக்கு 1999-இல் படமாகவே பதில் சொன்னார். அங்கிக்குள் என்ன இருக்கும்? ரோஜாக்கள், ஹுவான் தியேகோவின் மேலாடையிலிருந்து கொட்டிய அதே அத்தாட்சி. இடுப்பில் கை வைத்து நேராகப் பார்க்கும் பெண் ரோஜாக்களை உடுத்தியிருந்தாள். தாங்கி நின்ற வானதூதர் திறந்த மார்புடைய இன்னொரு பெண். இந்தச் சிறிய அச்சுப்படம் 2001-இல் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டதும் பேராயர் கண்டித்தார், நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். படம் அகற்றப்படவில்லை, ஆனால் கண்காட்சி குறித்த நாளுக்கு முன்பே மூடப்பட்டது. திரண்டவர்களில் தாய்மாரும் பாட்டிமாரும் இருந்தார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது எளிது. தங்கள் துன்பத்தையெல்லாம் கொட்டிவைத்த ஒரு முகத்தை யாரோ எடுத்துப் போகிறார்கள் என்ற பயம் அவர்களுக்கு நிஜம். அந்த மாதாவுக்கு உடுத்தும் உரிமை யாருக்கு என்பதே இரு தரப்பின் வழக்கு.

மறுபடி அந்தச் சொலவடை

வீடுகள் மாறிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க லத்தீனோக்களில் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொல்வோர் 2010-இல் 67 சதவீதம். 2022-இல் 43 சதவீதம் என்று ப்யூ ஆய்வு மையம் கணித்தது. எந்தச் சமயத்தையும் சேராதவர்கள் 30 சதவீதம். ஆனால் கோயிலை விட்டவர்கள் எல்லாரும் குவாதலூப்பேயை விட்டுவிடவில்லை. சிஸ்னேரோஸின் 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பில் நேர்ச்சைச் சீட்டுகளாலேயே ஆன ஒரு கதை இருக்கிறது. அதன் கடைசிச் சீட்டை எழுதுபவள் தாயும் பாட்டியும் சகித்ததற்கெல்லாம் மாதாவே காரணம் என்று நெடுநாள் வெறுத்தவள். கடைசியில் தன் நீண்ட சடையை வெட்டி அவர் காலடியில் வைக்கிறாள். பழைய காலத்தில் அந்த முடி சுரூபத்தின் தலைக்குப் போயிருக்கும்.

நின்றுபோனவள் என்று ஊர் கேலி செய்த பெண்ணுக்குத் தெரிந்திருந்தது பங்குக் குருவுக்குத் தெரியாது. அங்கிக்குள் வெறும் மரச்சட்டம்தான் இருக்கிறது என்பதைக் கமரீன் அறையில் தினமும் கண்டவள் அவள். எந்தத் தையலைப் பிரித்தால் எது சரியும், எங்கே ஊசி குத்தினால் மடிப்பு நிற்கும் என்பது அவள் கைக்குத் தெரியும். யொலாந்தா லோபெஸின் ஓவியத்தில் அந்த அம்மா இன்னும் நிமிரவில்லை. முக்காட்டில் விண்மீன்கள் இருக்கின்றன, தையல் முடியவில்லை.